பதினாறு நிமிஷ மேடு

செயினைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னீர்களே, அதைக் கேட்டுத்தான் திரும்பினேன். தப்பாக நினைக்காதீர்கள் தம்பி. அந்த வார்த்தை என் காதில் விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசியாகப் பாண்டிச்சேரியில் என் மைத்துனன் ஒரு ஆட்டோக்காரனைப் பார்த்துச் சொன்னது. இந்த ரோட்டில் அது கேட்கும் என்று நான் நினைக்கவில்லை.

உட்காருங்கள். அங்கே இல்லை, இந்தப் பக்கம். அங்கே புல் ஈரமாக இருக்கும். மழை இல்லைதான், பதினோரு நாளாக மழை இல்லை. ஆனாலும் இந்தப் பக்கம் உட்காருங்கள். இங்கேயும் நிழல்தான். இந்தக் கல் சிலுவைக்குப் பின்னால் நிற்கிற மரம் ஒரு மணி வரைக்கும் இரண்டு பக்கமும் நிழல் கொடுக்கும்.

செயினை நான் மாட்டிவிடுகிறேன், உங்கள் கை அழுக்காக வேண்டாம். பரவாயில்லை, என் கை ஏற்கெனவே அழுக்குதான்.

எனக்கு ஆட்களோடு பேசிப் பழக்கம் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினாறு வருஷம் இருந்தேன். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே நான் பேசியதெல்லாம் ‘சரிங்க ஐயா’ ஒன்றுதான், அதுவும் பிரெஞ்சில். அப்புறம் பாரிஸ் பக்கத்தில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். இருபத்தெட்டு வருஷம். லாரி உள்ளே வந்தால் ஒரு கோடு, வெளியே போனால் ஒரு கோடு. சாயங்காலம் இரண்டு கோடும் சரியாக இருக்க வேண்டும். எட்டாவது வரைக்கும் படித்தவனுக்கு அது போதுமான வேலை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு கோடு தப்பியதில்லை. ஒருமுறை தப்பியது என்று சொன்னார்கள். தேடிப் பார்த்தால் லாரி உள்ளேயே நின்றுகொண்டிருந்தது, டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தான்.

நீங்கள் கோயம்புத்தூரா? பேச்சில் தெரிகிறது. நான் தைரியநாதன். பெயர்தான் அப்படி.

உங்கள் ஹாண்டில்பாரில் ஒரு படம் மாட்டியிருக்கிறீர்களே, அதில் இந்த ரோட்டுக்குப் பச்சைக் கோடு போட்டிருக்கும். பச்சை என்றால் வண்டி குறைவு, சைக்கிளுக்கு நல்லது. பக்கத்தில் சின்னதாகப் பத்தொன்பது என்று எண் இருக்கும், பாருங்கள். இருக்கிறதா? நாளொன்றுக்குப் பத்தொன்பது வண்டி. அது நான் எண்ணியது.

ஆமாம், நான்தான். ஏழு நோட்டு. கார் ஒரு பத்தி, வேன் ஒரு பத்தி, டிராக்டர் ஒரு பத்தி, மற்றது ஒரு பத்தி. சைக்கிளை வண்டியில் சேர்க்கவில்லை, அதற்குத் தனி நோட்டு. போன வருஷம் வசந்தத்தில் டவுனிலிருந்து சைக்கிள் சங்கத்து அம்மா ஒருத்தி வந்தாள். எங்கள் வீடு இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் பின்னால், நாலு வீடு சேர்ந்தாற்போல் இருக்கும், கடைசி வீடு. மேயர் ஆபீஸில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அந்த இந்தியக் கிழவர் நோட்டு வைத்திருக்கிறார் என்று. எல்லா நோட்டையும் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ரொம்ப நேரம் வண்டியே வராமல் இருந்தது எப்போது, ஐயா?” என்று கேட்டாள். நோட்டைப் பார்க்காமலே சொன்னேன். ஆகஸ்ட் பதினைந்து, காலை பத்து இருபதிலிருந்து பதினொன்று ஏழு வரைக்கும். நாற்பத்தேழு நிமிஷம். பட்டப்பகலில் நாற்பத்தேழு நிமிஷம் ஒரு வண்டிகூட இல்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். படத்தின் பின்பக்கம் அதைப் போட்டிருக்கிறாள், திருப்பிப் பாருங்கள். ‘சில நாட்களில் நாற்பத்தேழு நிமிஷம் வரை ஒரு வாகனத்தையும் காண மாட்டீர்கள்.’ எண்ணைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

அதற்கப்புறம்தான் உங்களைப் போல் சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போது வாரத்துக்கு முப்பது பேர் வருகிறார்கள். பாட்டிலில் தண்ணீர், பையில் போன், முதலுதவிப் பெட்டி எல்லாம் வைத்திருப்பார்கள். அப்போது யாரும் வருவதில்லை.

தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? எங்கே பிடித்தீர்கள்? நீல ஜன்னல் வீட்டிலா, இப்போது தாண்டி வந்தீர்களே, அங்கேயா? எத்தனை தடவை கதவைத் தட்டினீர்கள்?

தட்டவே இல்லையா.

ரோட்டில் சைக்கிளை நிறுத்தியதும் அவளே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாளா. சரி. நல்ல மாதிரி என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பழக்கமில்லை.

நான் எண்ண ஆரம்பித்தது என் மனைவியால். அமலோற்பவம் என்று பெயர். இங்கே ஒருத்தருக்கும் அந்தப் பெயர் வாயில் வராது. மேலே ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற ஒதில் மட்டும் மெனக்கெட்டு ‘அமலோ’ என்று பாதி வரைக்கும் வருவாள். அறுபத்தொரு வயதில் ஒரு நாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “என்னங்க, எனக்கு சைக்கிள் கத்துக்குடுங்க” என்றாள்.

“இந்த வயசுல எதுக்கு?”

“பாண்டிச்சேரியில எங்கப்பா விடல. பாரிஸுல நீங்க விடல, கார் வரும்னீங்க. இங்கதான் காரும் இல்ல, அப்பாவும் இல்ல.”

அவள் அப்படித்தான் பேசுவாள். நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள்.

கார் இல்லை என்று அவள் சொன்னாள். எனக்கு அது போதாது. எத்தனை இல்லை என்று தெரிய வேண்டும். ஒரு வாரம் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். எத்தனை மணிக்கு எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து. நர்ஸ் அம்மாவின் வெள்ளைக் கார் ஒன்பது பத்துக்கு. ரொட்டி வேன் செவ்வாய், வியாழன், சனி பத்து இருபதுக்கு. மஞ்சள் தபால் வண்டி பத்து முப்பத்தைந்துக்கு, அதிகம் போனால் இரண்டு நிமிஷம் முன்னே பின்னே. தபால் வண்டிக்கு அப்புறம் ஒரு மணி வரைக்கும் அநேகமாக ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் அவளை ரோட்டில் இறக்கினேன்.

விதி ஒன்றுதான். வண்டிச் சத்தம் கேட்டால் அவள் இறங்கி, சைக்கிளோடு புல்லில் ஏறி நிற்க வேண்டும். நான் பின்னால் வருவேன். எனக்குக் காது கூர்மை, ஒரு கிலோமீட்டரில் வருகிற வண்டி கேட்கும். “இறங்கு” என்பேன். இறங்கி நிற்பாள். வண்டி போகும். நான் எழுதுவேன். “ஏறு” என்பேன்.

“மாடு போகுதே, அதை எழுதலையா?” என்பாள்.

“மாடு வண்டி இல்ல.”

“அது ஒங்களையே பாக்குது பாருங்க. வருத்தப்படப்போகுது, எழுதிக்குங்க.”

ஏழு வருஷம் ஓட்டினாள். ஒரு தடவை விழுந்தாள், அதுவும் வீட்டு வாசலில். இந்த ரோடு அகலம் மூன்று மீட்டர் எண்பது. நடுவில் கோடு கிடையாது. சில இடத்தில் நடுவிலேயே புல் முளைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அவளுக்கு அது பிடிக்கும். “ரோடே ஓய்வு எடுத்துக்குது” என்பாள். நீல ஜன்னல் வீட்டைத் தாண்டும்போது ஒரு கையை எடுத்து அந்த வீட்டு அம்மாவுக்கு ஆட்டுவாள். அந்த அம்மாவும் ஆட்டுவாள். நான் நேரே பார்த்துக்கொண்டு போவேன்.

“ஒரு கையத் தூக்கினா என்ன, பட்டாளத்துல சலாம் வச்சதில்லையா நீங்க?”

“அவங்க யாருன்னு தெரியாது.”

“கைய ஆட்டினாத்தானே தெரியும்.”

அந்த வீட்டுக்காரர்களும் நாங்களும் ஒரே வருஷம்தான் இங்கே வந்தோம். அன்றைக்கு வரைக்கும் பதினோரு வருஷம். நான் பேசியதில்லை. பேச ஒன்றும் இருக்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். உங்களுக்குச் சுதந்திர தினம். இந்த மேட்டுக்கு மேலே இருக்கிற ஊரில் கோயில் இருக்கிறது. மூன்று ஊருக்கு ஒரே சாமியார், அதனால் பதினொன்றுக்குத்தான் பூசை. ஒவ்வொரு வருஷமும் நாங்கள் சைக்கிளில் போவோம். சைக்கிள் ஓட்டப் பேண்ட் போட்டுக்கொள்வாள். நீலப் பட்டுச் சேலையை மடித்துக் கேரியர் பையில் வைத்துக்கொள்வாள். ஊருக்குப் போனதும் ரொட்டிக்கடையின் பின்னறையில் ஒதில் இடம் கொடுப்பாள், அங்கே கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவாள். கோயிலில் இருக்கிற மாதாவும் நீலம், இவளும் நீலம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லோரும் இவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய திருநாள், வியாழக்கிழமை. ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பினோம். நீல ஜன்னல் வீட்டைத் தாண்டினோம். அன்றைக்கு வாசலில் யாரும் இல்லை, அவள் கையை எடுக்கவில்லை. பத்து பதினெட்டுக்கு இந்தச் சிலுவைக்கு வந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, வண்டிச் சத்தமும் இல்லை, அவளாகவே இறங்கினாள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கே உட்கார்ந்தாள். நான் உங்களை உட்கார வேண்டாம் என்றேனே, அங்கே.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் உக்காரணும்போல இருக்கு.”

வியர்த்திருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். மணி பார்த்தேன், பத்து இருபது. முகம் சரியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பட்டாளத்தில் அப்படி ஒரு முகம் பார்த்திருக்கிறேன்.

இங்கே போன் வேலை செய்யாது. உங்கள் போனை எடுத்துப் பாருங்கள், ஒரு கோடுகூட இருக்காது. மேலே ஊருக்குப் போனால்தான்.

அப்போது நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். இங்கிருந்து ஊர்ச் சதுக்கம் இரண்டு கிலோமீட்டர் தொள்ளாயிரம். முதலில் ஒரு கிலோமீட்டர் நூறு சமதரை, நாலரை நிமிஷம். அப்புறம் மேடு ஒரு கிலோமீட்டர் எண்ணூறு, என் காலுக்குப் பதினொன்றரை. மொத்தம் பதினாறு நிமிஷம். தபால் வண்டி வர இன்னும் பதினைந்து நிமிஷம். தபால்காரனிடம் வண்டி இருக்கிறது, இவளைத் தூக்கி உட்கார வைத்து நேரே கொண்டுபோகலாம். அவளைத் தனியே விட்டுப் போகவும் வேண்டாம். பதினைந்து, பதினாறைவிடக் குறைவு. ஆகவே இருப்பது என்று முடிவு செய்தேன். ரொட்டி வேனும் இன்னும் தாண்டவில்லை, கொஞ்சம் தாமதம் போலிருக்கிறது, அதுவும் எந்த நிமிஷமும் வரும் என்று நினைத்தேன்.

இதில் தப்பு என்ன, சொல்லுங்கள்.

ஆமாம். நீங்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டீர்கள். திருநாள் இங்கே அரசாங்க விடுமுறை. ரொட்டி வேன் கிடையாது, தபால் கிடையாது. திருநாள் பூசைக்குப் போகிறவனுக்கு அன்றைக்குத் திருநாள் என்பது தெரியும். தபால் வண்டிக்கும் அன்றைக்குத் திருநாள்தான் என்பது தோன்றவில்லை. என் நோட்டில் வியாழக்கிழமை என்று ஒரு பத்தி இருக்கிறது, விடுமுறை என்று பத்தி இல்லை. விடுமுறையில் நான் எண்ணுவதில்லை. அந்த நாளில் நாங்கள் கோயிலுக்குப் போய்விடுவோம்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். முதலில் நூற்றுநாலு. அப்புறம் ஒழுங்கில்லை. விட்டு விட்டு வந்தது. எண்ணுவதற்குச் சிரமமாக இருந்தது. இலை இடுக்கு வழியாக வெயில் முகத்தில் படுகிறது என்று பையிலிருந்து சேலையை எடுத்து மேலே பிடித்தேன். பத்து நாற்பத்து நாலுக்குப் பிறகு அவள் பேசவில்லை. பத்து ஐம்பத்தெட்டுக்கு எண்ண ஒன்றும் இல்லை. பதினொன்று ஏழுக்குப் பக்கத்துப் பண்ணை பெர்னாருடைய டிராக்டர் வந்தது. அவன் இறங்கித் தொப்பியை எடுத்தான்.

நான் அந்த டிராக்டரை எழுதினேன். மறுநாள் ஞாபகம் வைத்து எழுதினேன்.

தண்ணீர் குடியுங்கள். உங்கள் தண்ணீர்தான், குடியுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள், ரோசலின். துலூஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் போன் செய்வாள், நாலு நிமிஷம் பேசுவாள். அடக்கத்துக்கு வந்தபோது சமையலறையில் நின்றுகொண்டு, “அப்பா, ஏன் அங்கயே உக்காந்திருந்தீங்க?” என்று கேட்டாள். ஒரே தடவைதான் கேட்டாள். சத்தம் போடவில்லை. அவள் துலூஸுக்குத் திரும்பிப் போன பிறகு பதிலை எழுதி அனுப்பினேன். இரண்டு தாள், இரண்டு பக்கமும். தூரம், நேரம், பதினாறு, பதினைந்து, எல்லாம். தபால் வண்டி விஷயத்தில் என் தப்பையும் எழுதினேன், மறைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்துசேர்ந்ததா என்று கேட்டேன்.

“வந்துச்சுப்பா.”

“படிச்சியா?”

“படிக்கணும்பா.”

ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. எனக்கு இருக்கிற வருத்தம் அது ஒன்றுதான் தம்பி. நாலு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன், ஒன்பது நிமிஷம்.

ஒரு விஷயம் மட்டும் அந்தத் தாளில் எழுதவில்லை. அது கணக்கில் சேராது. பத்து முப்பத்தொன்றுக்கு அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“என்ன பாக்குறீங்க ரோட்டையே?”

“தபால் வண்டி. இன்னும் நாலு நிமிஷம்.”

“இன்னைக்கு ஏதுங்க தபால்? மாதா திருநாள்.” சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். “அந்த நீல ஜன்னல் வீட்டுல போய்ச் சொல்லுங்க. அந்தம்மாகிட்ட கார் இருக்கு.”

நீல ஜன்னல் வீடு இங்கிருந்து எழுநூறு மீட்டர். அதோ, வளைவுக்கு அந்தப் பக்கம். இறக்கம்தான்.

“ஜன்னல் சாத்தியிருக்கு, நான் பாத்தேன்” என்றேன். “ஏழு ஜன்னல்ல ஏழும் சாத்தியிருக்கு. ஆள் இல்ல.”

“இருப்பாங்க. தட்டுங்க.”

“இல்லாட்டி என்ன பண்றது. இப்ப தபால் வண்டி...”

“சரி. ஒங்க கணக்கு” என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். அப்புறம் இரண்டு மூன்று தடவை ‘மாதாவே’ என்றாள், அது என்னிடம் சொன்னதில்லை.

நீங்கள் இந்த ஊரில் வெயில் காலத்தில் சுற்றுகிறீர்கள், பார்த்திருப்பீர்கள். காலை ஒன்பது மணிக்கே ஜன்னல் கதவுகளைச் சாத்திவிடுவார்கள், வெயில் உள்ளே வராமல் இருக்க. சாத்திக்கொண்டு உள்ளேதான் இருப்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்குக் கிளம்பும்போது எங்கள் ஜன்னல்களை நானே சாத்தினேன். ஐந்து ஜன்னல்.

அந்த அம்மா அடக்கத்துக்கு வந்திருந்தாள். பூ கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். எனக்குப் பிரெஞ்சு புரியும், ஆனால் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குக் காலையில் வீட்டில்தான் இருந்தாளாம், ஜாமுக்குப் பழம் காய்ச்சிக்கொண்டிருந்தாளாம், ஒதில் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

சரி. அது வேறு கணக்கு.

நான் சொல்ல வந்தது இந்த மேட்டைப் பற்றி. அன்றைக்குப் பத்து இருபதுக்கே நான் சைக்கிளில் ஊருக்குப் போயிருந்தால் பதினாறு நிமிஷம், பத்து முப்பத்தாறு. அங்கிருந்து போன். டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் இந்த இடத்துக்கு வர இருபத்திரண்டு நிமிஷம், அதை மேயர் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூட்டிப் பாருங்கள். பத்து ஐம்பத்தெட்டு. சரியாகப் பத்து ஐம்பத்தெட்டு. அப்படியென்றால் நான் போயிருந்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான். இருந்ததால் அவள் தனியாக இல்லை. ஆனால் அதற்கு இந்த மேடு பதினாறு நிமிஷமாக இருக்க வேண்டும். பதினாறு அல்லது அதற்கு மேல். அவ்வளவுதான் விஷயம்.

நானே போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். எனக்கு முழங்கால். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், டாக்டருக்கு என்ன தெரியும். ரொட்டி வாங்க அந்தப் பக்கம் சுற்றுவழியாகப் போகிறேன், பதினொரு கிலோமீட்டர். அதில் முழங்காலுக்குக் கஷ்டமில்லை. இந்தச் சிலுவை வரைக்கும் தினமும் வருவேன். அன்றைக்கு அப்புறம் இதைத் தாண்டி இன்னும் போகவில்லை.

அதனால் இங்கே நிற்கிற சைக்கிள்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எல்லோரிடமும் இல்லை, நல்ல முகமாகப் பார்த்துத்தான். இது ஒரு சீட்டு. பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. இங்கிருந்து கிளம்புகிற நேரத்தை நான் எழுதிக் கொடுப்பேன். சதுக்கத்துக்குப் போனதும் ரொட்டிக்கடையில் ஒதிலிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் கடைக் கடிகாரத்தைப் பார்த்துச் சேர்ந்த நேரத்தை எழுதி வைப்பாள். அவளுக்கு இது பிடிப்பதில்லை. “மிஸ்யு தைரியநாதன், போதும், அமலோ இருந்தால் உங்களைத் திட்டுவாள்” என்கிறாள். ஆனாலும் எழுதி வைக்கிறாள்.

இதுவரைக்கும் பதினெட்டுப் பேர். ஏழு நிமிஷத்திலிருந்து. ஏழு நிமிஷம் ஒரு பையன், அவனைச் சேர்க்க முடியாது, அவன் போட்டியில் ஓட்டுகிறவன். எட்டு, எட்டு, ஒன்பதரை, பத்து. எழுபத்திரண்டு வயது ஹாலந்து அம்மா ஒருத்தி பதினொன்று. அவள் சைக்கிளில் பேட்டரி இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை, அதனால் அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஒரு பெல்ஜியம் குடும்பம், பின்னால் வண்டி கட்டி இரண்டு குழந்தைகளை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களை ரொம்ப நம்பினேன். பதின்மூன்றரை.

இவர்கள் வண்டியெல்லாம் இப்போதைய வண்டி, இருபத்தேழு கியர். என்னுடையது மூன்று கியர், அதோ சாய்த்து வைத்திருக்கிறேனே, அது. பக்கத்தில் இருப்பது அவளுடையது இல்லை, உங்களுடையதுதான். அவளுடையது வீட்டில் இருக்கிறது. காற்று அடித்து வைக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று சொல்கிறேன். நீங்கள் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறீர்கள். நாற்பத்தெட்டு இருக்குமா வயது? ஐம்பத்திரண்டா! தெரியவில்லை. பின்னால் இரண்டு மூட்டை, முன்னால் இரண்டு மூட்டை, மேலே கூடாரம் வேறு. இருபத்தைந்து கிலோ இருக்காது? முப்பதா? முப்பது கிலோ. செயினும் புதிதில்லை, இப்போது மாட்டும்போது பார்த்தேன், மேட்டில் மறுபடியும் ஒரு தடவை கழன்றாலும் கழலும். பதினெட்டுப் பேரில் ஒருத்தரும் உங்களைப் போல் வரவில்லை.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் போக்கில் போகிறபடி போங்கள். வேண்டுமென்றே தாமதம் செய்யச் சொல்லவில்லை, அது கணக்குக்கு ஆகாது. களைப்பாக இருந்தால் நிற்க வேண்டியதுதான், நானும் அன்றைக்கு நின்றிருப்பேன். மேட்டின் பாதியில் வலது பக்கம் ஒரு ஆப்பிள் மரம் வரும், அங்கே நின்றால் கீழே எங்கள் நாலு வீடும் தெரியும் என்று அவள் சொல்வாள். நான் நின்று பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்று தோன்றினால் பார்த்துவிட்டுப் போங்கள்.

சீட்டு பத்திரம், சட்டைப்பையில் வையுங்கள். ஒதிலிடம் கொடுக்கும்போது தமிழன் என்று சொல்லுங்கள், ஒரு காப்பி கொடுப்பாள். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் பின்னறையைக் காட்டுவாள். அங்கே ஒரு கண்ணாடி இருக்கும், சேலை கட்ட அவளுக்காக மாட்டியது. பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

மணி பன்னிரண்டு நாலு. இருங்கள், விநாடி முள் பன்னிரண்டுக்கு வரட்டும். இப்போது ஐந்து. எழுதிவிட்டேன்.

போய் வாருங்கள் தம்பி. சமதரையிலேயே மூச்சைச் செலவழித்துவிடாதீர்கள். பின்னால் வண்டி வருமோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம், இந்த நேரத்தில் ஒன்றும் வராது, அதற்கு நான் பொறுப்பு.

மெதுவாகப் போங்கள். மெதுவாக. அவசரமே இல்லை.